வாண்டு பற்றிப் போனில் சொல்ல முடியாதவை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை வாண்டுவும் நன்றாக இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதும்போது இந்த முறை பேனா தயங்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனாலும் லிஃப்ட் பழுது பார்க்கப் போவதை நிறுத்த மாட்டேன் என்கிறார். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிற மனுஷனுக்கு மாடிப்படி ஏறியே முட்டி தேய்ந்துவிட்டது என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்களாம், அதை அவரே வந்து சொல்லிச் சிரிக்கிறார். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் புது முதலாளி வந்திருக்கிறார், நல்ல மனிதர், ஆனால் பேச ஆரம்பித்தால் ஃபிரேம் இறுக்க வந்தவர் பார்வையே மங்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அப்பா இந்த வெயிலிலும் போட்டுப் பார்த்துவிட்டார், தோள் கொஞ்சம் பெரிசு, பையன் நம்மைப் பெரிய ஆளாக நினைத்து வாங்கியிருக்கிறான் என்று பெருமை வேறு.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாதது இனிமேல்தான் வருகிறது. வாண்டு குடிக்கிறாள் என்று அப்பா உன்னிடம் சொன்ன அன்று நீ மறுபேச்சு இல்லாமல் போனை வைத்துவிட்டாய். பிறகு, படித்த பெண் பண்ணுகிற வேலையா இது என்று ஒரு வரி அவளுக்கு அனுப்பினாய். அதற்குப் பிறகு என்னிடம் பேசுகிறாய், அப்பாவிடம் பேசுகிறாய், அவள் பேரை நான் எடுத்தால் மட்டும் உனக்கு அங்கே சிக்னல் சரியாக வருவதில்லை. நான் உன்மேல் குறை சொல்ல வரவில்லை ராஜா. தூரத்தில் இருக்கிறவனுக்குப் பாதிச் செய்தி போனால் பாதிதான் புரியும். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், நடுவில் கட் ஆகாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவளுக்குப் பதற்றம் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது, இல்லையா. வாயாடி, வாலு, எதிர்த்துப் பேசுவாள் என்றுதான் நாம் வாண்டு என்று பேர் வைத்தோம். காலேஜ் கடைசி வருஷத்திலிருந்தே காலையில் எழுந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்குமாம், பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டுமாம், எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் இருக்குமாம், ராத்திரி படுத்தால் அன்றைக்குப் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்ப வந்து குத்துமாம். யாரோ தோழி வேலையை விட்டுப் போகிறாள் என்று கொடுத்த விருந்தில் முதல் முறையாக ஒரு கிளாஸ் குடித்திருக்கிறாள், அன்றைக்கு எல்லோரோடும் சிரித்துப் பேச முடிந்திருக்கிறது. அப்புறம் விருந்து இல்லாத நாளிலும் ஒரு கிளாஸ். அப்புறம் வேலைக்குக் கிளம்புமுன் கொஞ்சம், பஸ் ஏறுவதற்காகக் கொஞ்சம். கைப்பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலும் புதினா மிட்டாயும் இருக்கும், நான் என்னவோ பெண் தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், உடம்புக்கு நல்லது என்று இருந்தேன்.

அவள் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை உனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் வரிசையில் நிறையப் பேர், கையும் நடுங்காமல் கடகடவென்று எடுத்து முடித்திருக்கிறாள். மத்தியானம் பார்த்தால் இரண்டு பேருடைய டியூபில் பேர் ஒட்டியதில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எது யாருடையது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியாது, ஏதோ ஒரு பேரை ஒட்டி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவள் நேராக லேப் பொறுப்பாளரிடம் போய், 'இது ரெண்டும் யாரோடதுன்னு எனக்குத் தெரியலை மேடம். நான் குடிச்சிருக்கேன்' என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா சத்தம் போடவில்லை. அந்த இரண்டு பேரையும் திரும்ப வரவழைத்து வேறு ஆள் ரத்தம் எடுத்தார்கள், முடிவு எதுவும் வெளியே போகுமுன்பே சரி செய்துவிட்டார்கள், யாருக்கும் ஒரு கேடும் இல்லை. பிறகு எனக்குப் போன் வந்தது. ஒருவருக்கு மூக்குக்கண்ணாடியின் குட்டித் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தவள் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன். நோயாளிகள் உட்காருகிற நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள். பொறுப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வைத்தியம் பார்த்துக்கொண்டு வரட்டும், அதுவரைக்கும் ஊசியைத் தொட விட மாட்டேன், ஆனால் உண்மையைத் தானாக வந்து சொன்ன பெண்ணுக்கு என் கதவைச் சாத்தவும் மாட்டேன் என்றார். அந்த வார்த்தை இல்லாவிட்டால் அன்றைக்கு நாங்கள் வீடு வந்து சேர்ந்திருப்போமா என்று தெரியவில்லை.

அப்பா வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, நேராகச் சமையலறைக்குப் போய் நன்றாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டினார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன், இப்போது வெடிக்கப்போகிறார், அவள் எங்கேயாவது போய்விடப்போகிறாள் என்று. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. 'எங்கம்மா வலிக்குது?' என்று கேட்டார். கீழே விழுந்து வந்த பிள்ளையைக் கேட்பதுபோல அவ்வளவுதான் கேட்டார். அவள் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள், காட்டிவிட்டு அழ ஆரம்பித்தவள் அப்படியே அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளை எப்படி எழுப்புவது, தான் எப்படி எழுந்திருப்பது என்று தெரியாமல் அவர் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாளே குடியை நிறுத்திவிடுகிறேன், அறைக் கதவைப் பூட்டிக்கொள்கிறேன் என்று அவள் வீராப்பாகச் சொன்னாள், நானும் சரி என்றுதான் இருந்தேன். நல்ல வேளை, அப்பா முதலில் டாக்டரைக் கேட்போம் என்றார். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், வீட்டில் வைத்து விஷப்பரீட்சை செய்யாதீர்கள் என்று டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார். முதல் இரண்டு நாள் அவள் பட்ட பாட்டை எழுதமாட்டேன். கை நடுக்கம் நின்று முகம் தெளிந்த பிறகு பதற்றத்துக்கென்று தனியாக மாத்திரை எழுதினார், அது பிடிக்கச் சில வாரம் ஆகும், பலன் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார். குடியை மட்டும் பிடுங்கிவிட்டுப் பதற்றத்தை அப்படியே விட்டால் அது திரும்ப அங்கேதான் இழுத்துக்கொண்டு போகும், இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் என்றார்.

வாரம் ஒரு முறை கவுன்சிலிங். அதைக் கேள், உன் அத்தையிடம் கவுன்சிலரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன், அப்படியே நம் தெருவிளக்கு எரியாததையும் சொல்லிவிட்டு வாங்க என்று அனுப்பினார். விஷயம் புரிந்த பிறகு, ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று ஆரம்பித்தார். அப்பா சிரிக்காமல், மாப்பிள்ளைக்கு யார் வைத்தியம் பார்ப்பது என்று கேட்டார், அதோடு அந்தப் பேச்சு நின்றது. கவுன்சிலிங் கொடுக்கிற பெண் உன் வயசுதான் இருப்பாள், செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் காலை மடக்கி உட்காருகிறாள், எனக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. நாம் எல்லோரும் ஏன் குடித்தாய், ஏன் குடித்தாய் என்றுதானே கேட்போம். அந்தப் பெண்ணோ, குடித்தால் உனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டாள். வாண்டு, 'உள்ள ஓடுற சத்தம் நிக்குது' என்றாள். அது உண்மைதான், நிற்கும், ஆனால் சத்தம் தூங்கத்தான் போகிறது, முழிக்கும்போது இன்னும் பெரிதாக முழிக்கும், அதை அடக்க இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டிவரும், உன்னை மாட்ட வைத்தது இந்தச் சுற்றுதான், நீ கெட்டவள் என்பதில்லை என்று அந்தப் பெண் விளக்கினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எங்களுக்கும் சில கட்டளைகள் போட்டாள். வாயை முகர்ந்து பார்க்கக் கூடாது, பையைத் துழாவக் கூடாது, சத்தியம் வாங்கக் கூடாது, வீட்டில் பாட்டில் இருக்கக் கூடாது. அப்பா பீரோவில் விசேஷ நாளுக்கென்று ஒன்று வைத்திருந்தாரே, அதை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தார், இன்றைக்கு இந்தக் குழாய் ஆடிக்கொண்டு பாடப்போகிறது என்றார்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று முகம் மாறும், எழுந்து நடப்பாள், வாசலுக்கும் அறைக்குமாக அலைவாள். குடிக்கத் தோன்றும் அந்த ஆசை ஏறி ஏறி உச்சிக்குப் போய்த் தானாக இறங்கிவிடும், இறங்கும்வரை தாக்குப்பிடிக்க ஒரு வழி கண்டுபிடி என்று கவுன்சிலிங் பெண் சொல்லியிருந்தாள். பாட்டுக் கேட்டாள், முகத்தில் தண்ணீர் அடித்தாள், படியேறி இறங்கினாள், கொஞ்சம் கொஞ்சம்தான் உதவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காரும்போது அப்பாவுக்குப் போன், எங்கோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே மாட்டிக்கொண்டவரே போனில் கத்துகிறார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே அந்த மனிதரிடம் பேசினார், 'கதவை நெம்பாதீங்க சார். உள்ள காத்து வருது. கயிறு அறாது. நான் வந்துக்கிட்டே இருக்கேன்.' இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார். வாண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா திரும்பி வந்ததும், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு அடிபடுவது எப்போது என்று கேட்டாள். சும்மா இருக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது, பயத்தில் கதவை நெம்பித் திறந்து குதிக்கிறவனுக்குத்தான் அடிபடும் என்று அவர் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவர் வேலையில் இருக்கும்போது அவள் போன் பண்ணி, 'அப்பா, மாட்டிக்கிட்டேன்' என்றாளாம். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கதவை நெம்பாதேம்மா, உள்ளே காற்று வருகிறது, கயிறு அறாது, நான் வந்துகொண்டே இருக்கிறேன் என்று நிதானமாகச் சொல்லியிருக்கிறார். கூட இருந்தவர்கள் எந்தக் கட்டடத்தில் சார் மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்டார்களாம், எங்கள் வீட்டில்தான் என்றாராம், வீட்டில் ஏது லிஃப்ட் என்று இன்றைக்கும் அவர்களுக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டிருப்பாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கே இருந்தாலும் எடுத்துவிடுவார்.

சனிக்கிழமைகளில் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறையில் இவளைப் போன்ற பிள்ளைகள் கூடுகிறார்கள். எல்லாம் சின்ன வயசு. ஓட்டலில் சமைக்கிற ஒருவன், ஆர்டர் குவியும் சத்தம் தாங்காமல் குடிக்க ஆரம்பித்தவன். பாட்டு வாத்தியார் ஒருவர், மேடை ஏறுவதற்காகக் குடித்தவர். நெட்டை என்று ஒருவன், எதற்காகக் குடித்தேன் என்பதே மறந்துவிட்டது என்கிறான். முதல் நாள் நான் கீழே சைக்கிள் கடையில் ஸ்டூல் போட்டுக் காத்திருந்தேன், மேலே இருந்து ஒரே சிரிப்பு. குடியை விட வந்தவர்கள் இப்படியா சிரிப்பார்கள் என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வரும்போது சொன்னாள், அங்கே யாரும் பாவம் என்று பார்ப்பதில்லை, அதனால் சிரிக்க முடிகிறது என்று.

இப்படியே நேர்கோட்டில் போயிற்று என்று நினைக்காதே. லேபில் அவளை முதலில் வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். முதல் வாரமே கூட வேலை செய்தவள் ஒருத்தி, தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு உள்ளே விடணும் என்று யாரிடமோ சொன்னது இவள் காதில் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் மதுக்கடை இருக்கிற ஸ்டாப்பிலேயே பஸ்ஸைவிட்டு இறங்கியிருக்கிறாள். வீட்டு வாசலில் வந்து நின்று, 'அம்மா, இன்னைக்குக் குடிச்சிட்டேன். மறைக்கக் கூடாதுன்னு நேரா வந்துட்டேன்' என்றாள். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன், எல்லாம் போச்சு, முதலிலிருந்தா என்று. ஆத்திரம் அடங்கிய பிறகு வந்து சாப்பிட்டாயா என்று கேட்டேன், என் வாயில் அதுதான் வந்தது. மறுநாள் கவுன்சிலிங் பெண் பதறவே இல்லை. எந்த வார்த்தை, எந்த ஸ்டாப், இறங்கும்போது மனசில் என்ன ஓடியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், அந்தக் கடை வழியாகப் போகாத பஸ் எது என்று இரண்டு பேருமாகப் பார்த்து முடிவு செய்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, முன்பெல்லாம் குடித்தால் ஒளிந்துகொண்டாள், இந்த முறை வீட்டுக்கு வந்தாள், இரண்டும் ஒன்று இல்லை அம்மா என்றாள். 

இப்போது அவள் மறுபடியும் ரத்தம் எடுக்கிறாள். ஆரம்பத்தில் பொறுப்பாளர் பக்கத்திலேயே நின்றார், இப்போது நிற்பதில்லை. பதற்றம் ஓடிப்போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், சில காலைகளில் வாந்திகூட எடுக்கிறாள், வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். போன வாரம் ஊசிக்குப் பயந்து அலறிய ஒரு சின்னப் பெண்ணிடம், எனக்கும் எல்லாத்துக்கும் பயம்தான், வா, ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படலாம் என்று சொல்லி எடுத்தாளாம். அந்தக் குழந்தை போகும்போது இவளுக்கு டாட்டா காட்டியதாம்.

இனி உன் விஷயம். போன வாரம் நீ பேசும்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது, அவள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குளிர்கிடங்கில் ராத்திரி வேலை முடித்து வந்தால் பகலில் தூக்கம் வருவதில்லை, ரெண்டு ஊற்றிக்கொண்டு படுத்தால்தான் கண் மூடுகிறது என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்பாவும் சிரித்தார், நானும் ஏதோ சொல்லி மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அண்ணா எவ்வளவு நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டாள். 'அவன் தூக்கத்துக்குன்னு சொல்றான்மா. நான் பஸ் ஏறத்தான்னு சொன்னேன்' என்றாள். நான் உடனே உனக்குப் போட போனைக் கையில் எடுத்தேன். உனக்குப் புத்தி சொல்ல வேண்டாம், சத்தியம் கேட்க வேண்டாம், அழ வேண்டாம், நீ எதுவும் சொல்லாதே, நான் பேசுகிறேன் என்று என்னைக் கட்டிப்போட்டிருக்கிறாள். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு நீ அவளோடு பேசவில்லையே, அண்ணா எடுப்பானா, எடுத்தால் முதலில் என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறாள், நான் பார்க்காததுபோலத் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, நீயும் அதை நினைத்துத் தயங்காதே. பகலில் தூங்குகிறவனுக்கு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டினால் நல்லது என்று அப்பா சொல்கிறார், அந்தப் பக்கத்தில் ஒரு டாக்டரைப் பார்த்துத் தூக்கம் வராததைச் சொன்னால் இன்னும் நல்லது என்று நான் சொல்கிறேன், இது புத்திமதி இல்லை, அவளுக்குத் தெரியாமல் நுழைத்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. கூட இருக்கும் பிள்ளைகளோடு கோபித்துக்கொள்ளாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும், நானும் அப்பாவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். கடிதம் கிடைத்ததும், வந்தது என்று ஒரு வார்த்தை அனுப்பு, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கூப்பிடுவாள். எழுதி முடித்ததும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். புத்திமதியைக் கண்டுபிடித்து என்னை முறைத்தாள், ஆனால் அந்த வரியை அடித்துவிடவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று சேர்க்கச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: 'அன்னைக்கு அண்ணா குடிச்சிருந்தாலும் பரவாயில்லை, போனை மட்டும் எடுக்கச் சொல்லும்மா.'

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா